அப்பாவுக்கு இடம் விடு

பூட்டிய இரும்பு பீரோவுக்குள் ஏதோ கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அம்மாவின் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அவள் கையை நிறுத்தினாள். மழை வருமுன் இருக்கும் மத்தியான வெளிச்சம், நிழல்கூட விழாத சாம்பல் வெளிச்சம், படுக்கையறை முழுக்கக் கிடந்தது. சாவி கொடுத்த பொம்மை ஓய்ந்துகொண்டே வருவதுபோல அந்தச் சத்தம் இழுத்து இழுத்து ஓடி, நின்றது. கடைசியில் 'டக்' என்று ஒன்று கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை நெடி முகத்தில் அடித்தது. பழைய கம்பளிக்கு அடியில் தோல் உறையோடு இருந்தது அப்பாவின் ஃபிலிம் கேமரா. அப்பா போய் ஐந்து வருடம் ஆகிறது. சாவு வீட்டுச் சந்தடியில் யாரோ கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். உறையைத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். அதுவரை ஒருவர் கழுத்தில் மாட்டியிருந்து அப்போதுதான் கழற்றி வைத்ததைப்போல அது சூடாக இருந்தது.

பழைய இரும்பு, வெக்கை, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டாள். எடுத்த படங்களின் எண்ணிக்கை தெரியும் குட்டிக் கண்ணாடியில், முப்பத்தாறுக்கு 34-இல் நின்றது.

அப்பாவைப் படம் எடுக்க வீட்டில் யாருக்கும் உரிமை கிடையாது. டைமரைத் திருகிவிட்டு அவரே ஓடிவந்து உட்காருவார். கிர்ரென்று அது ஓடுவது பத்து விநாடிதான். ஒரு காலில் செருப்பு இழுபட, முக்காலியில் இடித்துக்கொண்டு அவர் வந்து சேர்வதற்குள் 'டக்' என்றுவிடும். ஆல்பம் முழுக்க அப்பாவின் முதுகு. அம்மாவோ சரியாக அந்த நொடி பார்த்துக் கண்ணை மூடிவிடுவாள். ஒழுங்காக விழுந்தது இவள் மட்டும்தான். எப்போதும் இரண்டு படம். முதல் படத்தில் அம்மா பக்கத்தில் அப்பாவுக்கு இடம் விட வேண்டும், இரண்டாவதில் இவள் பக்கத்தில். "முதல்ல உங்கம்மாவுக்கு, அப்புறம் உனக்கு. சண்டை போடக் கூடாது," என்பார். கடைசியில் சட்டம் போட்டு மாட்டக்கூட அப்பா முகம் தெரிகிற படம் ஒன்று கிடைக்கவில்லை. ஹால் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

கேமராவை ஹாலுக்கு எடுத்து வந்தாள். சோபாவுக்கு எதிர் அலமாரியில், இடுப்பு உயரத் தட்டில், லென்ஸ் சோபாவைப் பார்க்கும்படி வைத்தாள். அந்த வீட்டில் அதன் இடம் அதுதான். யோசித்துச் செய்யவில்லை. கை தானாக வைத்துவிட்டது.

அம்மா சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். சுவர்ப் பக்கம் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

"இது பீரோலதான் இருந்துச்சா, மா?"

"வேற எங்க போகும்? ரெண்டு படம் மிச்சம் இருக்கே." அம்மா தன் மறுபக்கத்தைத் தட்டிக் காட்டினாள். "வாலு, நீ இங்க உக்காரு."

உட்கார்ந்தாள். நாளைக் காலை எட்டு மணிக்கு வண்டி வரும். மூன்று தடவை வந்து கெஞ்சி, இப்போதுதான் அம்மா தன்னோடு வரச் சம்மதித்திருக்கிறாள். இனி அம்மா இருட்டு வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டாம். அதை நினைத்தால் இவளுக்கு நெஞ்சு லேசானது.

"நான் வந்துட்டா அவரு தேடுவாரே," என்றாள் அம்மா.

"அஞ்சு வருஷம் ஆச்சும்மா."

"ஆமா. முட்டி வலி, பாவம். படம் வீணாயிடும்னு ஒத்திகைதான் பாத்துட்டிருக்காரு. நேத்து இந்த முக்காலி வரைக்கும் வந்துட்டாரு." அம்மா அலமாரியைப் பார்த்துச் சிரித்தாள். "பீரோல இருந்து வர்றதுன்னா தூரம். நீ இங்க கொண்டாந்து வச்சது நல்லதாப் போச்சு."

இவள் வாயைத் திறப்பதற்குள் அலமாரிப் பக்கம் 'கர்ட்' என்று ஒலித்தது. கட்டை விரலால் ஃபிலிமை நகர்த்தும் சத்தம். அதைத் தொடர்ந்து, கிர்ர்ர்ர்.

எழப்போனாள். அம்மாவின் கை அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

"அசையாத."

தான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறையில் நாளெல்லாம் அவள் நோயாளிகளிடம் சொல்லும் வார்த்தை. மூச்சை அடக்குங்க. அசையாதீங்க. அவள் மூச்சு தானாக அடங்கியது.

சரக்.

ஒரு செருப்பு மட்டும் தரையில் இழுபட்டது. அலமாரிக்கும் சோபாவுக்கும் நடுவில் யாரும் இல்லை. வெறும் தரை. சாம்பல் வெளிச்சம்.

சரக். சரக்.

முக்காலி அரை அடி நகர்ந்தது.

அந்துருண்டை நெடி.

அம்மாவுக்கு அந்தப் பக்கம் சோபா அமுங்கியது. மெதுவாக. ஆள் உட்காரும்போது அமுங்குவதுபோல. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. லென்ஸையே பார்த்தாள்.

டக்.

மழை தூற ஆரம்பித்தது. அம்மாவின் பிடி தளரவில்லை. அந்த விரல்கள் குளிர்ந்துகொண்டே வந்தன.

"மா."

திரும்பினாள். அம்மா சிரித்த முகத்தோடு நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன. இமைக்கட்டும் என்று காத்தாள். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை.

இமைக்கவில்லை.

அந்தப் பக்கம் அமுங்கியிருந்த மெத்தை நிமிர்ந்தது. செருப்புச் சத்தம் அலமாரியை நோக்கித் திரும்பிப் போனது. அவசரமே இல்லாமல்.

கர்ட்.

முதல்ல உங்கம்மாவுக்கு.

மணிக்கட்டை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

கிர்ர்ர்ர்.

சரக்.

ஓட வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. ஆனால் உடம்பு, எத்தனையோ வருடப் பழக்கத்தில், அம்மாவை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்து, தன் பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டது.