பெயரைக் கொடுத்தவர்

ஃபோனில் வந்த பெண் முதலில் ஹிந்தியில்தான் பேசினாள். பேசுவது கோதைதான் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறிக் குரலைத் தாழ்த்தினாள். தன் பெயர் செல்வமேரி என்றும், பல்கலைக்கழகத்துக்கு எதிரே மருந்துக்கடை மாடியில் இருக்கும் பாலியல் நலப் பரிசோதனை மையத்தின் ஆலோசகர் என்றும் சொன்னாள்.

"உங்க பார்ட்னர் இங்க டெஸ்ட் பண்ணிக்கிட்டாரும்மா. அவருக்கு ஒரு இன்ஃபெக்‌ஷன் இருக்கு. உங்க பேரும் நம்பரும் கொடுத்திருக்காரு. நீங்களும் ஒரு தடவை வந்து பார்த்துக்கறது நல்லது."

கோதைக்குப் பார்ட்னர் என்று யாரும் இல்லை.

அதை அப்போதே சொல்லியிருக்கலாம். கேன்டீன் கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. தட்டில் போஹா ஆறிப்போயிருந்தது. மறுத்துப் பேசுவதைவிடப் போய்விட்டு வருவது சுலபம் என்று தோன்றியது. ஒரு வருடமாக அவள் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். எம்.எஸ்ஸி. வகுப்புக்குப் போவாள், லேப் முடித்து பாணேரில் இருக்கும் ஃப்ளாட்டுக்குத் திரும்புவாள், இருட்டுவதற்கு முன்பே கதவைத் தாழிட்டுப் படுத்துவிடுவாள். கல் விழுந்தாலும் தெரியாத தூக்கம்.

மையத்தின் படிக்கட்டில் கீழே வடை பொரியும் எண்ணெய் வாசனையும், மேலே ஃபினாயிலும், நனைந்த குடைகளின் புழுங்கிய நாற்றமும் ஒன்றாகக் கலந்து வந்தன. வரிசையில் அவளைப் போன்ற மாணவர்கள்தான் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் கைப்பேசிக்குள் தலையைப் புதைத்திருந்தார்கள்.

செல்வமேரிக்கு நாற்பது வயதிருக்கும். கிர்க்கியில் பிறந்து வளர்ந்தவள்; தமிழில் ஹிந்தி கலந்து வரும். கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"டென்ஷன் வேணாம் பேட்டா. இங்க யாரும் யாரையும் தப்பா நினைக்க மாட்டோம்."

"எனக்கு யாரும் இல்ல" என்றாள் கோதை. "ஒருத்தர் இருந்தார். ஜான். போன வருஷம் மழைல முல்ஷி ரோட்ல பைக் ஆக்சிடென்ட். இறந்துட்டார். அதுக்கப்புறம் யாரும் இல்ல. ஜனவரில யுனிவர்சிட்டி கேம்ப்ல எல்லா டெஸ்ட்டும் எடுத்தேன். எல்லாம் நெகட்டிவ்."

செல்வமேரி தலையாட்டினாள். இந்த மாதிரிக் கதைகளைத் தினமும் கேட்பவளின் தலையாட்டல் அது. "சரிம்மா. அப்போ டெஸ்ட் பண்ணிட்டா உங்களுக்கே நிம்மதி."

விரலில் குத்தினார்கள். வலிக்கவில்லை. சின்ன அட்டையில் ஒரு கோடு வந்தது. பிறகு, மெதுவாக, அதன் பக்கத்தில் இன்னொன்று. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து மறுபடியும் பார்த்தார்கள். உள் அறையில் டாக்டர் அம்மா திரையை இழுத்துவிட்டுப் பரிசோதித்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: சிஃபிலிஸ், புதிதாக வந்தது, சில வாரங்கள்தான் இருக்கும், உள்ளே ஒரு சிறிய புண் ஆறிக்கொண்டிருக்கிறது.

"எனக்குத் தெரியவே இல்லையே."

"அது வலிக்காது" என்றார் டாக்டர். "அதனால்தான் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. ஊசி போட்டால் சரியாகிவிடும்."

இடுப்பின் இரண்டு பக்கமும் ஊசி போட்டார்கள். அதுவும் எங்கோ தூரத்தில் நடப்பது போலத்தான் இருந்தது.

திரும்பவும் செல்வமேரியின் அறை. இப்போது அவள் முகத்தில் வேறு கவலை இருந்தது. "உங்களுக்குத் தெரியாம யாராவது... மயக்கமா எதையாவது கொடுத்து... அப்படி இருந்தா போலீஸ்ல சொல்லலாம். நான் கூட வரேன்."

கோதை யோசித்துப் பார்த்தாள். அவள் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. ஜன்னலுக்குக் கம்பி உண்டு. கதவுக்கு உள்தாழ்ப்பாள். அதைப் போடுவதும் அவள்தான், எழுந்து திறப்பதும் அவள்தான்.

"அவர் என்ன சொன்னார்?"

"பேரு, விவரம் எதுவும் சொல்லக் கூடாதும்மா." செல்வமேரி தயங்கினாள். "ஆனா உங்க மேல ரொம்ப அக்கறையாத்தான் பேசினாரு. நீங்க நல்லாத் தூங்குவீங்களாம். அவர் எவ்வளவு நேரம் இருந்தாலும் முழிக்கவே மாட்டீங்களாம். சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நான் ஏதோ தமாஷுன்னு நினைச்சேன்."

சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கோதை கைப்பேசியில் ஜானின் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இவரா?"

விதியை மறந்து செல்வமேரி குனிந்து பார்த்தாள். "இவர் இல்ல."

அவனாக இருக்கவேண்டும் என்று தான் ஆசைப்பட்டது கோதைக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பின்ன எப்படி இருந்தார்?"

"உயரமா..." செல்வமேரி நிறுத்தினாள். "நீங்க உட்கார்ந்திருக்கற அதே சேர்லதான் இருந்தாரு. ரொம்ப நேரம் பேசினோம். குரல் அப்படியே காதுல இருக்கு. மூக்கு..." அவள் விரல்கள் தன் முகத்தைத் தடவிப் பார்த்தன. பேசுவதை நிறுத்தி, கோதையின் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள். "முகம் வரமாட்டேங்குதே. எனக்கு முகம் மறக்காதும்மா."

கோதை நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

ஃப்ளாட்டில் ஸ்நேஹா சமையலறையில் சாய் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து அறைக்காரி. அப்பா அம்மா தமிழர்கள்தான், ஆனால் இவளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். கோதை நேராகப் போய்க் கேட்டாள். என் அறைக்கு யாராவது வருகிறார்களா?

ஸ்நேஹா அடுப்பைத் தணித்தாள். வெட்கப்படுவது போல இருந்தது.

"நீ சொல்லல. நான் கேக்கல. உன் பர்சனல்."

"யாரைப் பார்த்தே?"

"பார்க்கல. சாயந்திரம் நீ கதவு மூடுவே. அப்புறம் பேசற சத்தம் வரும். அவன் பேசுவான், நீ சிரிப்பே." ஸ்நேஹா புன்னகைத்தாள். "எனக்கு குஷி ஆச்சுடி. ஜான் போனதுக்கப்புறம் நீ சிரிச்சு நான் கேட்டதே இல்ல."

பால் பொங்கி வழிந்தது. ஸ்நேஹா துணியை எடுக்கத் திரும்பினாள்.

கோதை தன் அறைக்குள் போனாள். கட்டில். மேசை. கம்பிக்கு வெளியே மழை. படுக்கையில் அவள் படுக்கும் பக்கம் குழிந்திருந்தது. சுவரோரமாக இன்னொரு குழி. நீளமாக. அவளைவிட நீளமாக. எத்தனை நாளாக அது அங்கே இருக்கிறது, தினமும் விரிப்பை இழுத்துவிட்ட கைகளுக்கு ஏன் தெரியவில்லை என்று பார்த்துக்கொண்டே நின்றாள். தொடவில்லை. பையில் இரண்டு உடைகளைத் திணித்தாள். ஸ்நேஹாவிடம் சொல்லிக்கொள்ளாமலே இறங்கினாள்.

ஊரின் மறுகோடியில், விஷ்ராந்த்வாடியில், அப்பா அம்மா இருந்தார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவிடமும், எதையும் துருவிக் கேட்கும் அம்மாவிடமும் என்ன சொல்வது என்று அவள் யோசிக்கவில்லை. அங்கே விளக்கு எரியும். ஆள்கள் இருப்பார்கள். அது போதும்.

ஆட்டோவின் பக்கவாட்டுத் திரையை மழை அறைந்தது. டீசல் புகையும் ஈர ரெக்சின் நாற்றமும். ஆளந்தி ரோடு திரும்பும்போதுதான் கவனித்தாள். சீட் முழுக்கக் காலியாக இருந்தும் அவள் ஓரமாக ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பையை மடியில் வைத்திருந்தாள். யாருக்கோ இடம் விட்டது போல.

நகர்ந்து நடுவில் உட்கார நினைத்தாள்.

நகரவில்லை.

கட்டடத்தின் கீழே ஆட்டோவை அனுப்பிவிட்டுப் படியேறினாள். மாடிப்படி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் டிவி. யாரோ மீன் வறுக்கும் வாசனை. எல்லாம் எப்போதும் போல. மணியை அழுத்தினாள். உள்ளே அம்மாவின் நடை.

தாழ்ப்பாள் விலகியது.

"என்னட்டி இது, ஒரு ஃபோன்கூடப் பண்ணாம? தலையெல்லாம் ஈரமா இருக்கு பாரு..."

அம்மாவின் பேச்சு நின்றது. பார்வை கோதையின் முகத்திலிருந்து தோளுக்குப் போனது. தோளுக்குப் பின்னால். மேலே. உயரமான ஒருவரை நிமிர்ந்து பார்ப்பது போல. முகத்தில் முதலில் திகைப்பு. பிறகு கணக்குப் போடுவது போல ஒரு யோசனை. பிறகு, மெல்ல, விருந்தாளிக்கான சிரிப்பு.

புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள் அம்மா.

"கூட ஆள் வராகன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் தாழ்ந்த குரலில். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏங்க, சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க."

கோதை திரும்பவில்லை. திரும்ப முடியும் என்று தோன்றவில்லை. இடது கையில் விரல்களுக்கு நடுவே ஏதோ அழுத்தியது. குளிரா, சூடா, தெரியவில்லை. வலிக்கவில்லை.

அம்மா கதவை முழுதாகத் திறந்தாள். இரண்டு பேர் சேர்ந்து நுழைகிற அளவுக்கு ஒதுங்கி நின்றாள்.

"உள்ள வாங்க தம்பி. அவ இப்படித்தான், எதையும் சொல்ல மாட்டா."

கோதையின் முதுகுக்குப் பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒன்று.

பிறகு இன்னொன்று.