கதிரவனுக்குக் கொடுக்காத மருந்து

ஸ்பிரிட்டில் வாடை இல்லை. பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய் ஸ்ரீமதி இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். நெஞ்சு வரைக்கும் சில்லென்று இறங்கியதே தவிர, வாடை என்று ஒன்றும் தெரியவில்லை. ஆனால் காலையில் குடித்த காப்பியில் கருகிய ரப்பர் நாறியது. ஜலதோஷமாக இருக்கும் என்று பாட்டிலை மூடி வைத்தாள்.

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகரே கோயில் பக்கம் திரண்டிருந்தது. ஊருக்கு வெளியே இருந்த அந்த மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அவளையும், துப்புரவு வேலை பார்க்கும் பாண்டிமீனாவையும் தவிர யாரும் இல்லை. வாட்ச்மேன்கூடக் கேட்டைப் பூட்டிவிட்டுத் தீச்சட்டி பார்க்கப் போய்விட்டான். மூளையைத் தின்னும் அமீபாவுக்கு ஏது பொங்கல்? குப்பிகளில் அதை வளர்த்து, புது மருந்தை விட்டு, எத்தனை செத்தன, எத்தனை பிழைத்தன என்று தினமும் பார்த்தாக வேண்டும்.

இருப்பதிலேயே வீரியமான குப்பிக்கு ஸ்ரீமதி 'கே' என்று பெயர் வைத்திருந்தாள். கே என்றால் கதிரவன்; அதில் வளர்வது அவன் மூளையிலிருந்து எடுத்த அமீபா. அச்சங்குளத்தில் பட்டாசு ஆலைத் தொழிலாளி. வேலை முடிந்ததும் மூக்கில் ஏறிய அலுமினியப் பொடி போகத் தொட்டித் தண்ணீரை உறிஞ்சிச் சிந்துவது அங்கே வழக்கம். அந்த வெதுவெதுப்பான தண்ணீரில்தான் அமீபா இருந்தது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் மனைவி பாண்டிமீனா இதே கேட்டில் வந்து நின்று மருந்து கேட்டு அழுதாள். மருந்து ஃபிரிட்ஜில் இருந்தது. "ஸ்டாக் இல்லம்மா" என்று சொல்லி அனுப்பியவள் ஸ்ரீமதி. மனிதருக்குக் கொடுத்துப் பார்க்காத மருந்து, ஏற்றிய பிறகு அவன் செத்தால் கம்பெனிக்குக் கெட்ட பெயர். ஏற்றாமலே செத்தான். பிறகு ஸ்ரீமதியே பேசி அவளுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்து, தன் மனசைத் தேற்றிக்கொண்டாள். கெட்டிக்காரிதான்.

பொழுது சாயச் சாயத் தலை கனத்தது. தூரத்துக் கொட்டுச் சத்தமும், குப்பிகளைச் சூடாக வைத்திருக்கும் பெட்டியின் ரீங்காரமும், வராந்தாவில் ஈரத் துடைப்பம் இழுபடும் ஓசையும் ஒன்றாகக் கலந்து, காதுக்குள் இல்லாமல் மண்டைக்குள்ளேயே கேட்பதுபோல் இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைக்கக் குனிந்தாள். கழுத்து வளையவில்லை.

துடைப்பச் சத்தம் நின்றது.

வாடை போவது. தலைவலி. கழுத்து விறைப்பது. இந்த வரிசையை எத்தனை கூட்டங்களில் அவளே விளக்கியிருக்கிறாள்! ஆனால் அவள் எந்தக் குளத்திலும் இறங்கவில்லை. சைனஸ் தொல்லைக்காகக் காலையில் இங்கேயே உப்பு நீரால் மூக்கைக் கழுவுவாள், அவ்வளவுதான். அதுவும் கொதித்து ஆறிய தண்ணீர். கொதிக்க வைப்பது பாண்டிமீனா.

பெட்டியைத் திறந்தாள். பின்வரிசையில் கை விட்டாள். 'கே' குப்பி. பாதிதான் இருந்தது.

"பாண்டிமீனா!"

"இங்கனதான் இருக்கேன், மேடம்."

முதுகுக்குப் பின்னால். எப்போது வந்தாள்?

"தண்ணியக் கொதிக்க வச்சியா இல்லையா?"

"வச்சேன். நல்லா ஆறவும் விட்டேன். பெறகுதான் அவுகளக் கொஞ்சம் ஊத்துனேன். போன வாரம் பூரா."

ஃபிரிட்ஜ். மருந்து. இப்போதே ஏற்றினால் பிழைக்கலாம். ஸ்ரீமதி தடுமாறிப் போய், ஃபிரிட்ஜிலிருந்த மருந்துப் பெட்டியை இழுத்தாள். மருந்துக் குப்பிகள் மூடியோடுதான் இருந்தன. ஒன்றை எடுத்து ஆட்டினாள். காலி. அடுத்தது. காலி. எல்லாமே.

"மருந்து எங்கடி?"

"அவுகளுக்குக் குடுத்துட்டேன், மேடம்." பாண்டிமீனாவின் குரலில் கோபம்கூட இல்லை. "மத்தியானம் போயி, பொதைச்ச எடத்துல தலைமாட்டத் தோண்டி அம்புட்டையும் ஊத்திட்டு வந்துட்டேன். சாகுற வரைக்கும் தலை, தலைன்னுதான் கத்துனாக. இனியாச்சும் வலி நிக்கணும்ல?"

ஸ்ரீமதி போனை எடுத்தாள். எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. யாரைக் கூப்பிடுவது? ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அங்கிருந்து மருந்து கேட்டு இங்கேதான் ஆள் வரும். போன் கையிலிருந்து நழுவியது. அவளும் சரிந்தாள்.

பாண்டிமீனா விளக்கை அணைத்தாள்.

"வெளிச்சம் கண்ணக் குத்தும். அவுகளுக்கும் அப்படித்தான்."

இருட்டு. சேலை உரசும் சத்தம். அவள் தரையில் உட்கார்ந்து, ஸ்ரீமதியின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஈர மண் ஒட்டிய விரல்கள் நெற்றிப் பொட்டை இதமாகப் பிடித்துவிட்டன.

"சத்தமாக் கத்துங்க, மேடம். அவுகளுக்குக் கேக்கணும்."

ஸ்ரீமதி கத்தத் தொடங்கினாள்.