கடைசி வரிசை

அவள் ஒரு தட்டுதான் தட்டினாள். உள்ளிருந்து இரண்டு கேட்டது.

சோதனைக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. கவிழ்த்துவைத்த பெரிய வாணலிபோல மேடையில் கிடந்தது வெப்பக் கவசம். விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது நெருப்பைத் தாங்குகிற அடிப்பாகம். தேன்கூடு போன்ற அதன் ஆயிரக்கணக்கான குழிகளில், எடை கூடாதபடி தக்கைத்தூளும் பிசினும் குழைத்துக் கையாலேயே நிரப்பியிருந்தார்கள். சின்னச் சுத்தியால் ஒவ்வொரு குழியையும் தட்டிக் கேட்பது அவளுடைய வேலை. கெட்டியாக ஒலித்தால் சரி. காலியாக ஒலித்தால் சுரண்டி எடுத்து மறுபடி நிரப்ப வேண்டும்.

இது அடுத்த கலத்துக்கானது. முந்தைய கவசம் இப்போது மேலே விண்வெளியில், அவள் தம்பியின் முதுகுக்குக் கீழே.

"சின்ன வயசுல என் தலையில குட்டுவே, இப்ப என் கவசத்துல குட்டுறே. நல்லாக் குட்டுக்கா" என்று சிரித்துவிட்டுப் போனவன், இன்னும் அரை மணியில் இறங்குகிறான்.

அந்தக் கவசத்தின் கடைசி வரிசையை அவள் தட்டவேயில்லை. அன்று வாசலில் ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடிக்க, சோதனைப் படிவத்தில் அந்த வரிசைக்கான நாற்பது கட்டங்களிலும் ஒரே மூச்சில் 'சரி' போட்டுவிட்டு ஓடினாள். மறுநாளே சொல்லியிருந்தால் கழற்றிப் பார்த்திருப்பார்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

மறுபடி தட்டினாள். இந்தக் கவசத்தின் கடைசி வரிசையில்.

டொக்.

டொக், டொக்.

மேற்பார்வையாளர் கதவு வழியாகத் தலையை நீட்டினார். "என்னம்மா, இப்படி வேர்த்திருக்கு? தம்பிக்கு ஒண்ணும் ஆகாது. நீ பார்த்த கவசமாச்சே!"

"சார், அதுல கடைசி வரிசை..."

"அப்புறம் சொல்லு. டிவில காட்டுறாங்க, வா வா." போய்விட்டார்.

கருகல் வாடை. முதலில் பிசின். பிறகு முடி.

நெருப்பையே பார்க்காத கவசத்தில் ஒரு குழி பழுத்துக் கறுத்தது. அடுத்தது. அதற்கடுத்தது. உள்ளே தட்டல் வேகமெடுத்தது. குனிந்து அடியில் பார்த்தாள். வெறும் தகடு. வெறும் இருட்டு.

பக்கத்து அறையில் கைதட்டினார்கள். சட்டென்று நிறுத்தினார்கள்.

"தம்பி" என்றாள்.

தட்டலும் நின்றது. கருகிய குழிகளின் நடுவே, உள்ளிருந்து அழுத்திய ஓர் உள்ளங்கை மெல்லப் புடைத்து எழுந்தது. ஐந்து விரல்கள். பிடித்துக்கொள்ள எதையோ தேடித் துழாவின.