வெண்பாவின் பச்சை விளக்கு

காலை உணவுக்குப் படியளப்பான் இயந்திரத்தின் முன்னால் முதலில் நின்றவள் வெண்பா. மணிக்கட்டை நீட்டினாள். தோலுக்கடியில் இருந்த உணரியிலிருந்து இரத்தச் சர்க்கரையின் அளவை இயந்திரம் படித்தது. பச்சை விளக்கு எரிந்தது. நெய் வழியும் பொங்கலும் ஒரு துண்டு மைசூர்பாகும் வந்தன. அடுத்து நின்ற ஆதிரைக்கு மஞ்சள் விளக்கு. அவித்த கீரையும் கொஞ்சம் சுண்டலும்தான்.

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். ஈரோட்டில் ஒரே வீட்டில் இருந்தார்கள். சர்க்கரையும் இன்சுலினும் கட்டுமீறிய உடலில் சிலவகைப் புற்றுநோய்கள் எளிதாக வேர்விடும் என்ற பயத்தில், அந்தத் தலைமுறை தன் சமையலறையைப் படியளப்பானிடம் ஒப்படைத்திருந்தது. விளக்கின் நிறத்தை வைத்துத்தான் மனிதருக்கு மதிப்பு. மஞ்சள்காரர்களுக்குக் கல்யாண வீட்டில்கூடத் தனிப் பந்தி.

ஆதிரை காலையும் மாலையும் நடந்தாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்தாள். மஞ்சள் மாறவில்லை. வெண்பா சோபாவை விட்டு எழுவதே அபூர்வம். ஆனாலும் அவளுடைய சர்க்கரை மாதாமாதம் இறங்கியது.

"வெண்பாவப் பாரு. உன்னாட்டம் அலையறாளா? ஒடம்பு வாகு அப்படி," என்றான் ஆதிரையின் கணவன் தருண்.

ஆதிரை கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். அன்று முதல் ஆதிரை வெண்பாவை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. தட்டு வருமுன் வெண்பாவின் நெற்றி வேர்த்தது, கை நடுங்கியது. மைசூர்பாகு உள்ளே போனதும் எல்லாம் அடங்கியது. மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான் இது என்று ஆதிரை முடிவு கட்டினாள். உணரியில் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறாள்! கண்டதையெல்லாம் விடாமல் சொல்லி, பெயர் கொடுக்காமல், நலவாழ்வு மையத்தில் புகார் செய்தாள். வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

மையத்திலிருந்து வந்த டாக்டர் நஸ்ரின் வெண்பாவைச் சோதனைக்கு அழைத்துப் போனார். பிறகு வீட்டாரைக் கூப்பிட்டார்.

"உணரியில மோசடி எதுவும் இல்ல. வயித்துல கட்டி. புற்றுநோய். அது இன்சுலின் மாதிரி ஒண்ணைச் சுரந்து சர்க்கரைய இறக்கிக்கிட்டே இருந்திருக்கு. கூடுனா எச்சரிக்க மெஷினுக்குத் தெரியும். குறைஞ்சா பாராட்டத்தான் தெரியும். வேர்க்குது, நடுங்குதுன்னு புகார்ல இருந்ததாலதான் ஸ்கேன் எடுத்தேன். இன்னும் பரவல. எடுத்துடலாம்."



அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டிலருகே வேறு யாரும் இல்லாத ஒரு நேரத்தில் வெண்பா கேட்டாள்: "புகார் குடுத்தது நீங்கதானுங்களாக்கா?"

"நான்தான்." பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீ ஏமாத்தறேன்னு நெனச்சேன். உன் தட்டப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும், வெண்பா. நல்லது நெனச்சு நான் எதுவும் செய்யல."

வெண்பா முகட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"பச்சை எரிஞ்சா என் வீட்டுக்காரருக்குச் சந்தோசம். எங்கம்மா சொந்தத்துல எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிப் பூரிச்சாங்க." ஆதிரையின் பக்கம் திரும்பினாள். "என் கை நடுங்குனத நீங்க ஒருத்தர்தான் பார்த்திருக்கீங்கக்கா."

நோய் தெரிந்த நாளிலும் அழாதவள், அப்போதுதான் அழுதாள்.