பத்தொன்பது நாள் ராஜாவின் தலைப்பாகை

இருதயசாமி வாத்தியாருக்கு ஒரே பைத்தியம்தான். வெண்மலைக்கோட்டையைப் பத்தொன்பதே நாள் ஆண்டு, விஷக்காய்ச்சலில் போய்ச்சேர்ந்த ராஜாவின் பொருள்களைத் தேடித் தேடிச் சேர்ப்பார். வெற்றிலைப் பெட்டி, முத்திரை மோதிரம், பட்டாபிஷேகப் பத்திரிகை என்று பதினெட்டு வருஷமாகச் சேர்த்தவர், அன்று காலை வேர்க்க விறுவிறுக்க சவரிராஜ் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, ராஜாவோட பட்டுத் தலைப்பாகை கிடைச்சுட்டுது! நெசவுக்காரர் சம்சாரம் அபிதகுசாம்பாள் கொண்டாந்தாங்க. ஆனா தரகர் அருணாச்சலம், அது தன் பெட்டியிலேர்ந்து திருடினதுன்னு குதிக்கிறாரு. சாயங்காலம் போலீசுல எழுதிக் குடுப்பாராம். புருஷனில்லாத அம்மாங்க, ஜெயிலுக்குப் போயிடும்."

கோர்ட்டில் ஜப்தி செய்யும் அமீனாவாக இருந்து ஓய்ந்து, இப்போது ஊர்ச் சிக்கல்களைத் தீர்த்துவைக்கும் சவரிராஜுக்கு அவசரப்படத் தெரியாது. அவர் கூட்டாளி ஜட்கா பலராமனுக்கோ அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. "ஜல்தியா ஏறுங்க!" என்றான்.

நெசவுத் தெருவில் ஒரு தறிகூடச் சத்தம் போடவில்லை. கூரை ஓடுகளில் காக்கைகள் சோற்றுருண்டைகளைக் கொத்திக்கொண்டிருந்தன. பலராமனுக்கு ஏதோ கனவுக்குள் வண்டி ஓட்டுவது போலிருந்தது. அந்த ராஜாவே இந்தத் தெருவில் எதிரே வந்தாலும் அவன் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டான்.

அதே தெருவிலிருந்த வாத்தியார் வீட்டுக் கூடத்தில் தலைப்பாகையை விரித்திருந்தார்கள். மாம்பழ நிறப் பட்டு, ஓரத்தில் ஜரிகை மயில், நடுவே சதுரச் சதுரமாக மடிப்புத் தடம். அடடா, என்ன அழகு! பலராமனுக்குக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. மூலையில் அபிதகுசாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றாள். தரகர் அருணாச்சலம் தலைப்பாகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சவரிராஜ் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த பத்திரிகையைப் படித்தார். 'தை அமாவாசைக்கு மறுநாள் பட்டாபிஷேகம்' என்றிருந்தது.

"தரகரே, இது உம்ம கைக்கு எப்படி வந்தது?"

"பட்டாபிஷேகத்துக்கு முதநாள் காலையில, இந்தம்மா புருஷன் என் கண்ணெதிரே தறியிலேர்ந்து அறுத்துக் குடுத்தாரு. நான்தான் அரமனையில சேத்தேன். ராஜா தலையில கட்டினாரு. அவர் போனப்புறம் எனக்கே திருப்பிக் குடுத்துட்டாங்க."

"தலையில் கட்டிய துணியில் முறுக்கிய சுருக்கம் இருக்கும். இதில் மடிப்பு மட்டுமே இருக்கிறது. அதுவும் போகட்டும். நீர் சொல்லும் முதல்நாள் அமாவாசை. அமாவாசையன்று இந்த ஊர் நெசவாளர் தறியைத் தொடமாட்டார்கள். இன்றைக்கும் அமாவாசைதான். வெளியே காது கொடுத்துக் கேளும்."

தெரு கப்சிப்பென்று இருந்தது. "அட, ஆமாம்ல!" என்று பலராமன் தலையில் அடித்துக்கொண்டான்.

தரகரின் முகம் வெளுத்தது. "ராஜா வேலைன்னா தொடமாட்டாங்களா?"

"தொடலய்யா!" அபிதகுசாம்பாள் உடைந்துபோய் அழுதாள். "ஒரு முழந்தான் பாக்கி. நான்கூட கெஞ்சினேன், அவரு கேக்கல. மறுநாள் விடியக்காத்தால முடிச்சு எடுத்துகினு ஓடினாரு. அதுக்குள்ள முடி சூட்டிட்டாங்க. அரமன வாசல்லயே தொரத்திட்டாங்க. சாவுற வரைக்கும் 'சேக்கலயே, சேக்கலயே'ன்னு சொல்லிகினே இருந்தாரு."

அருணாச்சலம் செருப்பைத் தேடி நழுவினார். பலராமன் வழியை மறிக்கப் போனான். "விடு," என்றார் சவரிராஜ்.

வாத்தியார் தலைப்பாகையை மடித்து அபிதகுசாம்பாளிடம் நீட்டினார். "அப்போ ராஜா இதைத் தொட்டதே இல்ல. இது உங்க வீட்டுச் சொத்தும்மா, எடுத்துகினு போங்க."

அவள் மாட்டேனென்று தலையாட்டினாள். கண்ணாடி அலமாரியைத் தானே திறந்து, ராஜாவின் வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் தலைப்பாகையை வைத்துக் கும்பிட்டாள்.

"சேத்துட்டேங்க," என்றாள், யாரையும் பார்க்காமல்.