கடைசியாகத் தேறியது

அன்றைக்கும் அறுபத்து நான்கில் ஐந்து தேறவில்லை. பவளக்கொடி திரையைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். அந்த நிலையத்தில் ஐந்து என்பது வாடிக்கை. ஆறு என்றால்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட வேண்டும்.

உப்பளத்துறையில் நாற்பதாயிரம் பேர் துணைமூச்சோடு வாழ்ந்தார்கள். விலா எலும்புக்குக் கீழே பதித்த, உள்ளங்கையளவு பொறி அது. துறைமுகத்துக் காற்று தினமும் ஒரு குணம் காட்டும். ஒருநாள் கந்தகம், மறுநாள் சிமென்ட் தூசு. அதனால் நெய்வான் என்ற தானியங்கி ஒவ்வொரு விடியலிலும் காற்றை முகர்ந்து, பொறிக்கான மென்பொருளை அறுபத்து நான்கு இழைகளாகப் புதிதாக நெய்தது. அவற்றில் கடைசி இழைக்குத் தேர்வன் என்று பெயர். மற்ற இழைகளைச் சோதித்து, தேறியது தேறாதது என்று பிரிப்பது அதன் வேலை. தேறாத இடத்தில் கடைசியாகத் தேறிய பழைய இழையை வைத்து, பொதியாகக் கட்டி, அன்றைய தேதியை முத்திரையிட்டு, நான்கு மணிக்குள் அனுப்புவது பவளக்கொடியின் வேலை. 'பழசைப் போட்டு மூடு' என்பார்கள். பத்து வருடமாக மூடிக்கொண்டிருந்தாள்.

தொலைபேசி அடித்தது. அவள் கணவன் மாசிலாமணி.

"பவளம், மூணாவது படியிலேயே உக்காந்துட்டேன்."

"உங்கள யாரு மாடிக்குப் போகச் சொன்னா?"

"துணி காயப்போட்டது நீ. மழை வருதுல்ல." இருமினான். அது முடிய வெகுநேரம் ஆனது. "பொதி கட்டுறவ புருஷன்னுதான் பேரு. எனக்காவது ஒருநாள் புதுசா ஒண்ணு அனுப்பேன்டி."

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்று மூச்சளவு நாற்பதைத் தாண்டாவிட்டால் விலாவை மறுபடி திறக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஏற்கெனவே இரண்டு முறை திறந்தாயிற்று. மூன்றாவதை இந்த உடம்பு தாங்காது என்பதையும் அவரே சொன்னார். பொறியில் பழுதில்லை, பொதியிலும் இன்றைய தேதி இருக்கிறது, ஆகவே குறை உடம்பில்தான் என்பது அவருடைய முடிவு.

இன்றைய தேதி. அதைக் குத்துவது பவளக்கொடியின் கட்டைவிரல்.

யாரும் திறந்து பார்க்காத காரணப் பதிவை அவள் திறந்தாள். நான்கு இழைகளுக்கு எதிரே ஒரே வாசகம்: 'காற்று பொருந்தவில்லை.' ஐந்தாவதாகத் தேறாமல் போனது தேர்வனேதான். முந்தைய நாளைப் பார்த்தாள், அதே ஐந்து. போன மாதம், போன வருடம், அதற்கும் முன்பு, எங்கும் அதே ஐந்து. அந்த வரிசை ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமையில் போய் நின்றது. அன்று மின்சாரம் போய், தேர்வன் பாதி நெய்யப்பட்டுக் கிடந்திருக்கிறது. யாரோ முந்தின நாள் தேர்வனைப் போட்டு மூடியிருக்கிறார்கள். கீழே 'ப.கொ.' என்றிருந்தது.

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. நான்கு மணி ஆகப் பத்து நிமிடம் இருந்தது. வாசலில் மாசிலாமணி இரண்டு சினிமா டிக்கெட்டோடு நின்றிருந்தான். அப்போது கல்யாணம் ஆகவில்லை.

புதிய தேர்வனை நேற்றைய தேர்வன்தான் சோதிக்கும். ஒரு நாள் வித்தியாசத்தை அது பொறுக்கும். இரண்டு நாளைப் பொறுக்காது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால், மறுநாள் வந்த சரியான தேர்வனைப் பழையது யாரோ என்று தள்ளிவிட்டது. அடுத்த நாளும் தள்ளியது. அந்தப் பழைய தேர்வனுக்குத் தெரிந்தது அன்றைய காற்று மட்டும்; அதனால் காற்றை அறிந்த நான்கு இழைகளும் ஒன்பது வருடமாகத் தினமும் சரியாக நெய்யப்பட்டு, தினமும் குப்பைக்குப் போயிருந்தன.

"அண்ணே, இங்க கொஞ்சம் வாங்க."

மேற்பார்வையாளர் செல்வநாயகம் டீ கிளாஸோடு வந்தார். நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"நான் போட்டதுண்ணே."

"நீ போட்டே, நான் கையெழுத்து வச்சேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "விட்டுடும்மா. அஞ்சுன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"ஊரே இருமுதுண்ணே."

"இருமுற ஊருன்னு எல்லாருக்கும் பழகிப்போச்சு."

"எங்க வீட்டு ஆளுக்கு நாளைக்கு வெள்ளிக்கிழமை."

செல்வநாயகம் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துக்கொண்டார். தேர்வன் தள்ளியதைக் கையால் ஏற்கும் அனுமதிக்குக் கைத்திறப்பு என்று பெயர். அது அவருடைய விரலுக்கு மட்டுமே திறக்கும். விரலை வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் டீ குடிக்கப் போறேன்," என்றார். கையில் கிளாஸ் நிறைய டீ இருந்தது.

அவள் அன்றைய தேர்வனைக் கையால் ஏற்றாள். அது எல்லா இழைகளையும் முதலிலிருந்து சோதித்தது. 'தேறாதவை: 0.' முத்திரை குத்தும்போது மணி மூன்று ஐம்பத்தைந்து.

நாலேகாலுக்குத் தொலைபேசி.

"துணியெல்லாம் எடுத்தாச்சு. நனைஞ்சுபோச்சு, ஆனா எடுத்தாச்சு." இருமல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. "மாடியிலேருந்துதான் பேசுறேன் பவளம். என்னடி பண்ணுன?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த அழைப்பு தலைமையகத்திலிருந்து வந்தது. செல்வநாயகம் பேசினார். "ஆமா சார். பூஜ்யம்தான் சார். இல்ல சார், திரை சரியாத்தான் இருக்கு." வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பூஜ்யம் எப்படி வரும்னு கேக்குறாங்க. அஞ்சுன்னா வாடிக்கையாம், பூஜ்யம்னா தில்லுமுல்லாம். திங்கக்கிழமை விசாரணை ஆரம்பம்."

"எத்தனை நாள் நடக்கும்?"

"போன விசாரணை ஒண்ணரை வருஷம்." நாற்காலியில் சாய்ந்தார். "கைத்திறப்பைப் பூட்டிட்டாங்க. நெய்வானையும் நிறுத்தியாச்சு. அதுவரைக்கும் கடைசியா தேறின பொதியே தேதி மட்டும் மாறி தினமும் தானாப் போகும். நீ இன்னைக்குக் கட்டினதுதான். ஜனங்களுக்கு நல்லதுதானேங்கறாங்க."

பவளக்கொடி விரலை மடக்கினாள். வெள்ளி. சனி. சனியிலேயே விரல் நின்றது.

"தேர்வன் ஒரு நாளைத்தான் பொறுக்கும்ணே. காத்து தினமும் மாறும், நெய்வான் மறுபடி ஓடினாலும் புதுசை இது தள்ளிடும்."

"சொன்னேன். விசாரணையில சொல்லுங்கன்னாங்க."

அவள் வீட்டுக்குப் போனபோது மழை விட்டிருந்தது. மாசிலாமணி அவளுக்கு முன்னால் மாடிப்படி ஏறினான், சுவரைப் பிடிக்காமல். மேலே போய், கைகளை விரித்து, ஒரு முழு மூச்சை இழுத்து விட்டான்.

"நாளைக்கு நாப்பதைத் தாண்டிடும் பாரேன். காத்து எப்படி இருக்கு, பாத்தியா?"

துறைமுகத்தில் ஏதோ புதுக் கப்பல் வந்து நின்றது. அங்கிருந்து மெல்லிய வாடை ஒன்று வந்தது. இதுவரை முகர்ந்திராத வாடை.

"இன்னைக்கு நல்லா இருக்கு," என்றாள்.