எட்டு பத்துக்கு இருந்த சிவப்பு அட்டை

காலை 10.20. இசைப்பெட்டி இருந்த மேசையில் ஒயர் மட்டும் கிடந்தது.

பதினாறு பொத்தான் வைத்த மரப்பெட்டி அது. டான்யூப் ஆற்றங்கரையில், ரூஸே நகரத்துக் கோடைகால வகுப்பில், ஆறு வாரம் உட்கார்ந்து கலினா தன் கையாலேயே செய்தது. பொத்தானை அமுக்கினால் சரக்குப் படகுகளின் ஊதல் ஸ்வரமாக வரும். கலினாவுக்குப் பதினைந்து வயது; ஆட்டிசம் உள்ள பெண். மாலை நான்கு மணிக்கு டிவிக்காரர்கள் முன்னால் அவள் வாசிக்க வேண்டும்.

எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் நெவேனா முதலில் கலினாவைத்தான் பார்த்தாள். சொல்லாமல் கொள்ளாமல் எது மாறினாலும் கலினாவுக்குத் தாங்காது. கூரை இடியக் கத்துவாள்.

கலினா கத்தவில்லை. வெறும் மேசையைப் பார்த்தாள். "சரி," என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"பாத்தியா?" என்றார் வகுப்பின் முதல்வர் தோன்கா. "அவளேதான் ஒளிச்சு வெச்சிருக்கா. மேடை பயம். போன வருஷம் ஏழு தடவை நிறுத்திட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சாளே, மறந்துட்டியா? உண்மையைச் சொல்லலைன்னா வகுப்பை விட்டே அனுப்பிடுவேன்."

"விடுங்க மேடம், சின்னப் பொண்ணு. பயந்துட்டா, பாவம்," என்றான் லூபென். பாட்டு வாத்தியார், ஒன்பது வருடமாக நெவேனாவின் உயிர்த் தோழன். தோளில் அக்கார்டியன் வாத்தியத்தோடு, அதன் உறைப்பெட்டி மேலேயே சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்திருந்தான்.

10.35. வாசலில் காவலாளி தோதோர்.

"காலையில யார் யார் வந்தா?" என்று கேட்டாள் நெவேனா.

"எட்டு மணிக்குத் திறந்தேன். லூபென் சார், நீங்க, பனித்சா பலகாரத் தட்டோட சமையக்காரம்மா. எட்டு பத்துக்குக் கலினா. அவ வந்தா கடிகாரத்தையே திருத்தி வெச்சுக்கலாம்."

"வெளியாள்?"

"ஈ காக்கா வரலை. அந்தச் சத்தப் பெட்டி தொலைஞ்சா எனக்கு நிம்மதிதான் டீச்சர். ஆனா நான் எடுக்கலை."

10.45. நெவேனா கலினாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக் கேட்டாள்.

"பெட்டி காணோம்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"காணோம்னு தெரியாது. இன்னைக்கு வாசிக்கலைன்னு தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"எட்டு பத்து. பலகையில இருந்துச்சு."

நெவேனா சடாரென்று எழுந்தாள்.

ஒவ்வொரு பிள்ளையின் நாளும் அந்தப் பலகையில் பட அட்டைகளாக இருக்கும். எதுவாவது மாறினால் ஒரு மணி நேரம் முன்பே சிவப்பு அட்டை ஒட்ட வேண்டும். பதிலுக்கு என்ன என்பதையும் கீழே ஒட்ட வேண்டும். கலினாவின் நான்கு மணியில் சிவப்பு. அதன் கீழே படகுப் படம். படகு எண்ணுவதென்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அந்தச் சிவப்பை நெவேனாவும் பார்த்திருந்தாள். பெட்டி காணாமல் போனதற்கு அப்புறம் யாரோ ஒட்டியது என்று நினைத்துவிட்டாள். பத்து இருபதுக்குத் தெரிந்த திருட்டுக்கு எட்டு பத்துக்கே அட்டையா?

முதல் வாரம் மிஷோ என்கிற வாலு எல்லோருடைய சாப்பாட்டு வேளையிலும் சிவப்பு ஒட்டிவிட்டு ஓடியதிலிருந்து அட்டைகள் பூட்டிய டப்பாவில்தான் இருக்கின்றன. நெவேனாவின் கை தன் கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியைத் தொட்டது.

10.52. எல்லோரும் ஒரே அறையில்.

"எடுத்தவன் கலினாவுக்கு அதிர்ச்சி கூடாதுன்னு பாத்திருக்கான்," என்றாள் நெவேனா. "முன்கூட்டியே சொல்லியிருக்கான். பதிலுக்குப் பிடிச்ச வேலையும் குடுத்திருக்கான். இவ்வளவு கரிசனமா எந்தத் திருடன் திருடுவான் மேடம்? டப்பா சாவி ரெண்டு. ஒண்ணு என் கழுத்துல. இன்னொண்ணு லூபென்கிட்ட. லூபென், எழுந்திரு."

"எதுக்கு?"

"காலையிலேர்ந்து அந்த அக்கார்டியனைத் தோள்லயே சுமக்கற. அதோட பெட்டி மேல உக்காந்திருக்க. உள்ள என்ன?"

அவன் எழுந்தான். உறைப்பெட்டிக்குள், துண்டில் பத்திரமாகச் சுற்றி வைத்த மரப்பெட்டி.

"டிவில ஊரே சிரிக்கும்டி. அவளைக் காப்பாத்தத்தான்..."

"அவளையா, அவளுக்கு அப்புறம் டிவில வரப்போற உன் கோஷ்டிப் பாட்டையா? அவளே ஒளிச்சுட்டான்னு மேடம் சொன்னப்ப, 'பயந்துட்டா'ன்னு ஒத்து ஊதினது யாரு?"

லூபென் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பலகைக்கு ஆணி அடித்தவனே அவன்தான். இது பொய் சொல்லாது என்று பிள்ளைகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்ததும் அவன்தான். வேறு யாராவது எடுத்திருந்தால் நெவேனாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"அப்ப பலகையில இருந்தது பொய்யா?" என்று கேட்டாள் கலினா.



அவள் பலகைக்குப் போனாள். தன் நான்கு மணியிலிருந்து சிவப்பு அட்டையைப் பிரித்தாள். பன்னிரண்டு மணிப் பாட்டு வகுப்பில் லூபெனின் போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒட்டினாள். கீழே படகு அட்டையையும் மறக்காமல் ஒட்டினாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"லூபென் சார் கிளாஸ் பன்னெண்டுக்கு. இப்ப பதினொண்ணு," என்றாள். "ஒரு மணி நேரம் முன்னாடியே சொல்லிட்டேன்."